பெரிய நாய், ஒழுங்கை முழுக்கச் சின்ன நாய்கள்: எப்படிக் கொண்டு போவது?

கல்லடிக்காற்று (நொச்சிமுனை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு அல்சேஷன் கலப்பு இருக்கிறான். பெயர் சிங்கன், இரண்டரை வயது, 38 கிலோ. ஆட்களோடு ஒரு பிரச்சினையும் இல்லை. மீன் கொண்டு வருகிறவர், பாண் வண்டிக்காரர், தபால்காரர், யாரைக் கண்டாலும் வால் ஆட்டுவான். கரைச்சல் எல்லாம் ஒழுங்கையில் இறங்கும்போதுதான்.

எங்களுடையது மணல் ஒழுங்கை. ஒரு ஆட்டோ வந்தால் சைக்கிள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். எதிர்வீட்டில் ஒரு வெள்ளைச் சடை நாய். அதற்குப் பக்கத்து வளவில் குட்டைக் கால் நாய்கள் இரண்டு. முடக்குக் கடையடியில் ஒரு செவலை. அது யாருடைய நாய் என்று கடைக்காரருக்கே தெரியாது, ஆனால் மூன்று வீட்டுச் சோறு அதற்குப் போகிறது. நாங்கள் கேற்றைத் திறந்தால் போதும், நான்கும் ஓடி வந்து சிங்கனின் காலுக்குள் நின்று குரைக்கும். முதலில் அவன் கண்டுகொள்ள மாட்டான். பிறகு காதை நிமிர்த்துவான், வாயை மூடுவான், அசையாமல் நிற்பான். அடுத்த நொடி இழுக்கிற இழுவையில் என் தோள் கழன்றுவிடும் போல இருக்கும்.

போன கிழமை சடை நாயை முன்னங்காலால் ஒரு அமத்து அமத்திவிட்டான். காயம் இல்லை. ஆனால் அது போட்ட சத்தத்தில் ஒழுங்கையே வெளியில் வந்துவிட்டது. "மகன், உன்ர நாயைக் கட்டி வை, இல்லாட்டி நான் கிராம சேவகரிட்டப் போவன்" என்று எதிர்வீட்டு மாமி சொல்லிவிட்டார். பொங்கலுக்குப் புக்கை கொடுத்து வாங்குகிற வீடு அது. முகம் முறிக்க எனக்கு விருப்பமில்லை.

சிங்கன் எப்போதும் பெல்ட்டில்தான் வெளியே போகிறான். அவிழ்த்து விட்டபடி திரிவது அவர்களுடைய நாய்கள். அப்படியிருக்க பழி முழுக்கப் பெரிய நாயின் தலையில் விழுவது நியாயமா? சரி, நியாயத்தை விடுங்கள். என்ன செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாடுமீன்_77 (கோட்டைமுனை)

பகலில் கட்டிப் போட்டு இரவில் வளவுக்குள் அவிழ்த்து விடுங்கள் தம்பி. எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நாயை நடத்திக் கூட்டிப் போவதெல்லாம் இப்போது வந்த பழக்கம்.

மட்டுநகர்_மச்சான் (இருதயபுரம்)

நான் சொல்வதைக் கேளுங்கள் மச்சான். ஒரு நாளைக்கு எல்லாவற்றையும் அவிழ்த்து விடுங்கள். அதுகள் அதுகளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும். யார் பெரியவன் என்று தெரிந்துவிட்டால் மறுகா ஒரு சத்தமும் வராது. குரைக்கிற நாய் கடிக்காது என்று சும்மாவா சொன்னார்கள்?

நெய்தல் (காரைதீவு)

மேலே எழுதியவருக்குச் சொல்கிறேன். கோபத்தில் எழுதவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு சின்னப் பொமரேனியன் இருந்தது, ஐந்து கிலோவும் வராது. பின் வீதியில் இருந்த பெரிய நாய் ஒருநாள் அதைக் கவ்வி இரண்டு உதறு உதறிவிட்டு விட்டுவிட்டது. அவ்வளவுதான். வெளியில் பார்த்தால் விலாவில் பல் பட்ட இரண்டு சின்னத் துளைகள், இரத்தம் கூட அதிகமில்லை. மஞ்சள் பூசினால் ஆறிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரவு மூச்சு வாங்கத் தொடங்கியது. காலையில் மிருக வைத்தியரிடம் கொண்டு போனபோது, உள்ளே விலா எலும்பு உடைந்து நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். பிழைக்கவில்லை.

அந்தப் பெரிய நாய் கெட்ட நாய் இல்லை. அவர்கள் வீட்டுக் குழந்தை அதன் முதுகில் ஏறி இருக்கும். ஆனால் இரண்டு சின்ன நாய்கள் சண்டை போட்டால் காது கிழியும், பெரியதும் சின்னதும் போட்டால் ஒன்று செத்துப் போகும். "பேசித் தீர்த்துக்கொள்ளும்" என்கிறீர்களே, 38 கிலோவும் 4 கிலோவும் என்ன பேசும்?

நொச்சிமுனைத் தம்பிக்கு: மாமியின் சத்தத்துக்குப் பின்னால் இருப்பது கோபம் இல்லை, பயம். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டுநகர்_மச்சான் (இருதயபுரம்)

அக்கா, அப்படி நடந்தது தெரியாது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பெரிசும் சிறிசும் ஒன்றாய்த்தான் திரியுதுகள், ஒரு சண்டையும் இல்லை.

ஊசிமருந்து (செங்கலடி)

நான் டொக்டர் இல்லை. மிருக வைத்தியருக்கு உதவியாளாகக் கன காலம் நின்றவன். கடிபட்டு வந்த நாய்களைத் தூக்கிப் பிடித்த கை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இருதயபுரம் தம்பி சொல்கிற நாய்கள் குட்டியிலிருந்து ஒன்றாய்த் திரிந்தவை, கட்டில்லாதவை. பிடிக்காவிட்டால் எட்டப் போகும் வசதி அவற்றுக்கு உண்டு. பெல்ட்டில் நிற்கிற நாய்க்கு அந்த வசதி இல்லை. ஓடவும் ஏலாது, ஒதுங்கவும் ஏலாது. காலுக்குள் நான்கு வந்து குரைத்தால் அதற்கு மிச்சமிருக்கிற வழி ஒன்றுதான். அதனால்தான் வளவுக்குள் சாதுவாக இருக்கிற நாய் பெல்ட்டைப் போட்டதும் வேறு நாயாகிவிடுகிறது.

நெய்தல் அக்கா சொன்ன காயம் நாங்கள் அடிக்கடி பார்த்தது. தோல் இழுபட்டுத் திரும்பி வந்துவிடும், சதை உள்ளே கிழிந்திருக்கும். வெளியில் தெரிகிற துளையைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது. பெரிய நாய் கவ்விய சின்ன நாயை, நடந்து திரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மஞ்சள் வேண்டாம்.

இப்போது சிங்கன். காது நிமிர்கிறது, வாய் மூடுகிறது, உடம்பு அசையாமல் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனித்திருப்பதே பாதி வேலை. வாய் திறந்து நாக்கைத் தொங்கப் போட்டிருக்கிற நாயின் மனம் இலகுவாக இருக்கிறது. டப்பென்று வாய் மூடினால் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு பாரம் முன்னங்காலுக்கு வரும், வால் மேலே போய் விறைக்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியதை வாய் மூடுகிற அந்த நேரத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். இழுக்கத் தொடங்கிய பிறகு பெயரைச் சொல்லிக் கத்திப் பயனில்லை, அதற்குக் காது கேட்காது.

செய்ய வேண்டியது தூரம் எடுப்பது. சடை நாயைக் கண்டும் சிங்கன் வாய் திறந்தபடி இருக்கிற தூரம் ஒன்று இருக்கும். அது முப்பது மீட்டராகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். அந்தத் தூரத்தில் நின்று, சின்ன நாய் கண்ணில் பட்ட உடனே அவித்த ஈரல் துண்டு ஒன்று வாயில். அது மறைந்ததும் ஈரலும் நிற்க வேண்டும். கொஞ்சக் காலத்தில் சின்ன நாயைக் கண்டால் அது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு ஓரடி கிட்டப் போகலாம். ஒரு கிழமையில் முடிகிற வேலை இல்லை, மாதக் கணக்கில் எடுக்கும். கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு. சூரை மீனை உப்பில்லாமல் அவித்து முள் எடுத்தால் ஈரலை விட விருப்பமாகத் தின்னும்.

சங்கிலியைச் சுண்டி இழுத்து அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன நாயைக் காணும்போதெல்லாம் கழுத்து நோகிறது என்றால் அது யார் மேல் வெறுப்பு வைக்கும்? உறுமினால் அடிக்கவும் வேண்டாம். உறுமல் என்பது அறிவித்தல். அடித்து அதை நிறுத்தினால் அறிவிக்காமல் கடிக்கிற நாய் கிடைக்கும்.

பாடுமீன்_77 (கோட்டைமுனை)

இவ்வளவு வேலையா? நாய் வளர்ப்பதா பிள்ளை வளர்ப்பதா?

ஊசிமருந்து (செங்கலடி)

38 கிலோவில் ஒன்றை வளர்த்தால் பிள்ளைதான் அண்ணா. நீங்கள் சொன்னது போல பகல் முழுக்கக் கட்டி வைத்தால் ஒழுங்கையில் போகிற ஒவ்வொரு நாயையும் பார்த்துப் பார்த்து ஆத்திரம் ஏறும். கட்டு அறுந்து போகிற அன்றைக்கு வருகிற நாய்தான் எங்களிடம் வேலை வைப்பது.

கல்லடிக்காற்று (நொச்சிமுனை)

நன்றி அண்ணா. ஆனால் முப்பது மீட்டருக்கு எங்கே போவேன்? கேற்றைத் திறந்தால் எதிர்வீட்டுக் கேற் ஐந்து மீட்டரில் இருக்கிறது. வெளிக்கிடும்போதே சண்டைக் களத்தில்தான் கால் வைக்கிறோம்.

ஓய்வு_டீச்சர் (ஆரையம்பதி)

தம்பி, நானும் ஒரு லாப்ரடோரோடு இதே மாதிரி ஒடுக்கமான ஒழுங்கையில் இருந்தவள். சில உபாயங்கள் சொல்கிறேன்.

தூரம் இல்லாத இடத்தில் மறைப்புத்தான் தூரம். உங்கள் கேற் கம்பிக் கேற் என்றால் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடியுங்கள். ஒரு நாளில் இருபது தரம் கம்பிக்குள்ளால் முறைத்துப் பார்த்துக் குரைத்துப் பழகுகிற நாய்க்கு வெளியில் இறங்கும்போது பாதிச் சண்டை முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் தகரம் அடித்த பிறகு குரைப்பு அரைவாசியாகக் குறைந்தது. பார்க்க அழகில்லை, அதற்கென்ன, செம்பருத்தி நட்டேன்.

வீதியில் போகும்போது எதிரே ஒன்று வந்தால் நேருக்கு நேர் போகாதீர்கள். நிற்கிற ஆட்டோவுக்குப் பின்னால், மதில் முடக்கில், தெரிந்த வீட்டுக் கேற்றடியில் ஒதுங்கி, கையில் இருக்கிற தீனியை மணலில் தூவி விடுங்கள். மூக்கைக் கீழே போட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கிற நாய் மற்ற நாயை முறைக்காது. அதன் தலை கீழே இருப்பதைக் கண்டால் வருகிற நாய்க்கும் பயம் குறையும். ஒதுங்க இடமில்லை என்றால் வந்த வழியே சிரித்துக்கொண்டு திரும்புங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

பெல்ட்டைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டாம். நீங்கள் இறுக்கினால் "ஏதோ வரப்போகிறது" என்று நாய்க்குச் செய்தி போகிறது. ஆறடி நீளமான சாதாரணப் பட்டி போதும். நாய் இழுக்க இழுக்கத் தானாக நீள்கிற வகையைப் பெரிய நாய்க்கு வாங்காதீர்கள், நிறுத்த ஏலாது. கழுத்தில் மட்டும் கொளுவாமல், மார்புக்கு முன்னால் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிப் போடுகிற வார்) ஒன்று போடுங்கள். நாய் இழுத்தால் உடம்பு உங்கள் பக்கம் திரும்பும். என் வயதில் நான் லாப்ரடோரைப் பிடித்தது அதனால்தான்.

இன்னொன்று. சின்ன நாய் வைத்திருக்கிற வீட்டாரும் கேட்க வேண்டும். "என்ர குட்டி ஒன்றும் செய்யாது" என்று கேற்றைத் திறந்து விடுகிறீர்களே, அது ஒன்றும் செய்யாது என்பது எங்களுக்கும் தெரியும். அதற்கு ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் எங்கள் கவலை. கேற்றுக்குக் கீழே இருக்கிற ஒரு சாண் இடைவெளிக்குப் பலகை ஒன்று அடிக்க எவ்வளவு செலவு?

நெய்தல் (காரைதீவு)

டீச்சர் சொல்வது சரி. நாங்களும் அதைச் செய்திருக்கலாம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு வரும்.

ஒரு விசயம் சேர்க்கிறேன். பெரிய நாய் வருகிறது என்று பதறி சின்ன நாயை மார்பில் தூக்கிப் பிடிக்காதீர்கள். தூக்கினால் பெரியது பாய்ந்து எழும்பும், கடி உங்கள் கையில் விழும். கேற்றுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். ஏலாவிட்டால் நீங்கள் நடுவில் நின்று குடையை விரியுங்கள். மாரி காலத்தில் கையில் எப்படியும் குடை இருக்கும். திடீரென்று விரிகிற குடைக்குப் பெரிய நாயும் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம் போதும்.

கரைவலை (நாவலடி)

எல்லோரும் கடற்கரைக்குக் கொண்டு போ என்று சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும், அதற்கு முதல் நான் சொல்லிவிடுகிறேன். நடக்க நல்ல இடம்தான். ஆனால் விடியப்புறம் தோணி வந்து வலை உதறுகிற இடத்துக்கு வராதீர்கள். கழிவு மீனுக்கு நிற்கிற கட்டாக்காலிகள் பத்துப் பன்னிரண்டு ஒன்றாய் நிற்கும். அது அதுகளின் சாப்பாட்டு இடம். புதுசாய் ஒரு பெரிய நாய் வந்தால் ஒன்று குரைக்கும், மற்றவை பின்னால் சுற்றி வரும். முன்னால் குரைக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னங்காலில் கடி விழும்.

வலைக்காரர் போன பிறகும் பார்த்துத்தான் கொண்டு போக வேண்டும். வலையில் பட்ட பேத்தை மீனைக் கரையில் எறிந்திருப்பார்கள். அதில் நஞ்சு இருக்கிறது. காய்ந்து கிடந்தாலும் நாய் வாயில் வைக்க விடாதீர்கள்.

பின்னேரம் நாலரை, ஐந்துக்குப் பிறகு டச்பார்க் கடற்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும், நாய் குறைவு. கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் பகலில் தார் ரோட்டில் நடத்த வேண்டாம். புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க ஏலாவிட்டால் அதன் பாதமும் பொசுங்கும். சூட்டில் வந்த நாய்க்குப் பொறுமையும் குறைவு.

மட்டுநகர்_மச்சான் (இருதயபுரம்)

கரைவலை அண்ணா சொன்னது உண்மை. பேத்தை தின்று எங்கள் மச்சினனின் நாய் போனது.

சரி, ஒரு கேள்வி. பிடிச்சுக்கொண்டால் எப்படி விலக்குவது? நாங்கள் தடியால் அடிப்போம்.

ஊசிமருந்து (செங்கலடி)

அடித்தால் பிடி இறுகும். அடிக்கிறது மற்ற நாய் என்றுதான் அது நினைக்கும். முகத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டு போகாதீர்கள், கழுத்துப் பட்டியையும் பிடிக்காதீர்கள். என் கையில் இருக்கிற தழும்பு எங்கள் வீட்டு நாய் வைத்தது. சண்டைக்குள் அதற்கு ஆள் தெரியாது.

வாளித் தண்ணீரை மூக்கிலும் முகத்திலும் ஊற்றுங்கள், பைப் இருந்தால் இன்னும் நல்லது. சத்தத்துக்குத் தகரத்தில் தட்டலாம். இரண்டு ஆட்கள் இருந்தால் ஒவ்வொருவர் ஒவ்வொரு நாயின் பின்னங்கால்களை இடுப்படியில் தூக்கி, பிடி விட்ட உடனே பின்னால் நடக்க வேண்டும். கவ்விக்கொண்டு விடாமல் நிற்கிறபோது மட்டும் இழுக்காதீர்கள், சதை கிழியும். விலக்கிய பிறகு பெரியதை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சின்னதைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்.

இன்னும் ஒன்று, இது குரைப்பைப் பற்றியது இல்லை. சில பெரிய நாய்கள் சின்ன நாய் கீச்சிட்டுக் கொண்டு ஓடினால் அதை நாயாகவே பார்க்காது. முயல், அணில் ஓடினால் பிடிக்கிற அதே ஆசைதான். அதில் குரைப்பு இருக்காது, உறுமல் இருக்காது, சத்தமில்லாமல் போய்க் கவ்வும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே இது வரலாம். உங்கள் நாய் பூனையைத் துரத்துகிற நாய் என்றால், எவ்வளவு சினேகிதமாய் இருந்தாலும் சின்ன நாயோடு தனியே விடாதீர்கள்.

கல்லடிக்காற்று (நொச்சிமுனை)

பூனையைத் துரத்துவான். அணிலுக்கும் மரத்தடியில் மணிக்கணக்காய் நிற்பான். அப்படியென்றால் சடை நாயோடு சினேகிதம் பிடிக்க வைக்கிற திட்டத்தைக் கைவிட வேண்டியதுதானா?

ஊசிமருந்து (செங்கலடி)

சினேகிதம் தேவையில்லை தம்பி. ஒன்றையொன்று கண்டும் காணாமலும் போனால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரோடும் நீங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டா இருக்கிறீர்கள்?

பழக்கித்தான் ஆக வேண்டும் என்றால் யாருடைய வளவிலும் வேண்டாம், பொது இடத்தில் செய்யுங்கள். இரண்டும் பெல்ட்டில், இரண்டு ஆட்கள், நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க வேண்டும். முகத்துக்கு முகம் வேண்டாம். இரண்டும் மண்ணை மோந்துகொண்டு நடந்தால் மெல்ல மெல்லக் கிட்ட வரலாம். விளையாடினாலும் இடைக்கிடை பெரியதைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். சின்னது தானாகத் திரும்பி வந்தால் அதற்கு விருப்பம். வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

திருக்கோவிலான் (தம்பிலுவில்)

கிராம சேவகர் கதைக்கு வருகிறேன். உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவன்.

நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் 1901 இலிருந்து இருக்கிறது. விசர்நாய்க்கடி நோய்க்கான சட்டம் அதற்கும் முந்தியது, 1893. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் பதிகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் பிரச்சினை ஒன்று பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் முதலில் கேட்கப்படுவது தடுப்பூசி அட்டை. சிங்கனுக்கு ஒவ்வொரு வருடமும் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வளர்ப்பு மிருகம் செய்த சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பு என்பது நம் நாட்டில் நடைமுறையில் உள்ள உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் பழைய கோட்பாடு. மற்ற நாய் சீண்டியது என்று வாதாடலாம்தான், ஆனால் மிருக வைத்தியரின் பில்லை விட வழக்குச் செலவு கூட.

முடக்குக் கடைச் செவலையைப் பிடித்துக் கொண்டு போகச் சொல்லி யாராவது மனு எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாக்காலிகளைப் பிடித்துக் கொல்வது 2006 இல் நிறுத்தப்பட்டது. இப்போது தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி. நடைமுறையிலும் அதுதான் புத்தி. ஊசி போட்ட ஒரு செவலை முடக்கில் நின்றால் புது நாய் உள்ளே வராது. அதைத் தூக்கினால் ஊசி போடாத வேறொன்று அந்த இடத்துக்கு வரும். சோறு போடுகிற மூன்று வீடும் சேர்ந்து ஊசிக்குக் கொண்டு போகலாமே.

சண்டையை விலக்கப் போய் ஆளுக்குக் கடி விழுந்தால், கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆசுப்பத்திரிக்குப் போங்கள். மருந்துக்குக் காசு எடுக்க மாட்டார்கள். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்தில்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும், 14 நாள் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

பாடுமீன்_77 (கோட்டைமுனை)

இது பயனான கதை. எங்கள் வீட்டு நாயின் அட்டை எங்கே கிடக்கிறதோ தெரியாது. தேட வேண்டும்.

கல்லடிக்காற்று (நொச்சிமுனை)

நடந்ததைச் சொல்கிறேன்.

மாமி வீட்டுக்கு அம்மாவோடு போனேன். நெய்தல் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிங்கனைப் பற்றி ஒன்றும் வாதாடவில்லை. மாமிக்கு அது எதிர்பாராதது போல. "உன்ர நாய் கடிக்காது எண்டு சொல்லத்தான் வந்திருக்காய் எண்டு நினைச்சன்" என்றார். மாமா வந்து கேற்றடியில் குந்தி இருந்து இடைவெளியைக் கையால் அளந்தார்.

இப்போது ஒழுங்கையில் ஏழு வீட்டுக்கு ஒரு வட்ஸ்அப் குழு. நாங்கள் வெளிக்கிட முதல் "சிங்கன் வெளிக்கிடுது" என்று ஒரு குரல் செய்தி. மாமி சடை நாயை உள்ளே கூப்பிடுவார், குட்டைக் கால் வீட்டார் கேற்றைச் சாத்துவார்கள். மாமியின் மருமகன் சவூதியிலிருந்து "சிங்கன் திரும்பிட்டாரா?" என்று கேட்கிறார். அவரை யார் குழுவில் சேர்த்தது என்று தெரியவில்லை.

எங்கள் கேற்றுக்குத் தகரம் அடித்தாயிற்று. ஈரல் வேலையும் நடக்கிறது, ஒழுங்கையில் இல்லை, பின்னேரம் டச்பார்ப் பக்கம். எட்டத்தில் ஒரு நாயைக் கண்டால் சில நேரம் என் முகத்தைப் பார்க்கிறான். சில நேரம் பழைய சிங்கன்தான்.

செவலை இன்னும் தீர்வில்லை. அதற்கு வட்ஸ்அப் இல்லை. அதற்காகப் போகும்போது ஒரு பிடி அவித்த மீனை முடக்குக்கு முதலே தூர எறிந்துவிட்டுப் போகிறோம். அது தின்று முடிக்கிறதுக்குள் தாண்டிவிடலாம்.

இப்போது ஒரு சிக்கல். மாமி வீட்டுக் கேற்றுக்குப் பலகை அடிக்கிற காசு யார் கொடுப்பது? நான் தருகிறேன் என்று சொல்லலாமா?

ஓய்வு_டீச்சர் (ஆரையம்பதி)

கேற் அவர்களுடையது, காசும் அவர்களுடையது. நீங்கள் கொடுத்தால் நாளைக்குக் குட்டைக் கால் வீட்டுக்காரரும் கேட்பார்.

நெய்தல் (காரைதீவு)

நான் டீச்சரோடு உடன்படவில்லை. ஒரு பலகைத் துண்டும் நாலு ஆணியும்தானே. கொடுத்துவிடுங்கள். எந்த நாய் தொடங்கினாலும் சாகப் போவது சின்னதுதான், அதனால் முதல் செலவு பெரிய நாய் வீட்டுடையதாக இருக்கட்டும்.

திருக்கோவிலான் (தம்பிலுவில்)

கொடுக்கிறதாக இருந்தால் பலகையாக வாங்கிக் கொடுங்கள், காசாகக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்தால் பிழையை ஒப்புக்கொண்டது போல ஒரு கதை வரும்.

கல்லடிக்காற்று (நொச்சிமுனை)

மாமா தானே பழைய கட்டில் சட்டம் ஒன்றை அறுத்து அடித்துவிட்டார். ஆணி மட்டும் எங்களுடையது.

சோளகம் (அக்கரைப்பற்று)

நானும் பெரிய நாய் வைத்திருக்கிறேன், ரொட்வைலர். ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகளும் கன பேர். வாய்க்கூடு போட்டுக் கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். பார்க்கிறவர்கள் "கடிக்கிற நாய்" என்று இன்னும் பயப்படுவார்களா? எந்த வகை, எந்த அளவு எடுப்பது?

ஊசிமருந்து (செங்கலடி)

பயப்பட்டால் நல்லதுதான் தங்கச்சி, ஒதுங்கிப் போவார்கள். உங்களுக்கு வேண்டிய தூரம் சும்மா கிடைக்கும்.

துணியில் வருகிற இறுக்கமான வகையை வாங்காதீர்கள். அது வைத்தியசாலையில் ஊசி போடுகிற சில நிமிடத்துக்கு மட்டும். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. எங்கள் வெயிலில் வாயைக் கட்டி நடத்தினால் மயங்கி விழும். கூடை மாதிரி கம்பியிலோ ரப்பரிலோ வருகிறதை எடுங்கள்.

அளவு: கண்ணுக்கு ஓரங்குலம் கீழே மூக்கைச் சுற்றித் தையல் நாடாவால் ஒரு அளவு, அந்த இடத்திலிருந்து மூக்கு நுனி வரை ஒரு அளவு. சுற்றளவை வாய் மூடி எடுக்காதீர்கள், இளைக்கும்போது எடுங்கள். நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் கொள்ளுங்கள். போட்ட பிறகு நாய் வாயை நன்றாகத் திறக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கம்பிக்குள்ளால் ஒரு துண்டு ஈரலை நீங்கள் உள்ளே தள்ள முடிய வேண்டும்.

வாங்கிய அன்றைக்கே போட்டுக் கொண்டு வீதியில் இறங்காதீர்கள். முதலில் கூட்டுக்குள் தீனியை வைத்துக் கோப்பை போல நீட்டுங்கள், தானாக மூக்கை விடட்டும். வார் பூட்டுவது பிறகு. வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு படுத்து நித்திரை கொள்கிற அளவுக்குப் பழகிய பிறகு வெளியே கொண்டு போங்கள். போட்டிருந்தாலும் சின்ன நாய்க்குக் கிட்ட விடாதீர்கள். பல் படாது, ஆனால் அந்த உடம்போடு வந்து மோதினால் சின்னதின் எலும்பு உடையும்.

சோளகம் (அக்கரைப்பற்று)

நன்றி அண்ணா. அளவு எடுக்கப் போனால் நாடாவைத் தின்னப் பார்க்கிறது. முதலில் நாடாவுக்குத்தான் பழக்க வேண்டும் போல.